செங்கோட்டைக்குக் கிழக்கே ஏன் ‘பார்டர்’ இருக்கிறது?

கேட்டவர் மூன்று கேள்விகளை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறார். தாத்தா ஊர் செங்கோட்டை, இவர் பிறந்து வளர்ந்தது பெங்களூரில். கேரளம் ஊருக்கு மேற்கே இருக்கும்போது, பஸ் கண்டக்டர் ‘பார்டர், பார்டர்’ என்று கூவி இறக்கிவிடும் இடம் மட்டும் கிழக்கே தென்காசி போகிற வழியில் இருக்கிறதே, எப்படி? இது முதல் கேள்வி. பீரோவில் கிடைத்த தாத்தாவின் நிலப்பத்திரத்தில் சங்கு முத்திரையும் மலையாள எழுத்தும் இருக்கின்றன, வருஷம் 1098 என்று போட்டிருக்கிறது, இது என்ன கணக்கு? இது இரண்டாவது. வீட்டில் தேங்காயெண்ணெய்ச் சமையல், கும்பிடுவது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாஸ்தாவை, அப்படியானால் நாங்கள் தமிழர்களா, மலையாளிகளா? இது மூன்றாவது. அவர் மனசில் உறுத்துவது கடைசிக் கேள்விதான் என்று படுகிறது. அதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. முதல் இரண்டையும் அவிழ்த்தால் மூன்றாவது தானாக இளகிவிடும்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. செங்கோட்டை வட்டாரத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் பத்திரம் எழுதிப் பிழைத்தவன். மூலப்பத்திரம் பார்க்காமல் புதுப்பத்திரம் எழுத முடியாது. இந்த ஊரில் மூலப்பத்திரம் என்று எதை எடுத்தாலும் இரண்டு மூன்று கை மாறுவதற்குள் திருவிதாங்கூர் மகாராஜா வந்து நிற்பார். அதனால் பழைய காகிதங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். காகிதம் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். கோயில், பாட்டு, சாப்பாடு பற்றிச் சொல்வதெல்லாம் ஊர்க்காரனாகக் கண்டதும் கேட்டதும்தான். அந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பிரானூர் பார்டர் என்ற பெயர் பொய் சொல்லவில்லை. 1956 நவம்பர் 1 வரைக்கும் எல்லை அங்கேதான் இருந்தது. தென்காசியும் குற்றாலமும் சென்னை ராஜ்ஜியம், அதற்கு முன்பு பிரிட்டிஷ் சீமை. பிரானூரைத் தாண்டி மேற்கே வந்தால் திருவிதாங்கூர். செங்கோட்டை மகாராஜாவின் கீழ் இருந்த ஒரு தாலுகாவின் தலைநகர். இன்றைக்குக் குற்றாலம் நமக்குப் பக்கத்து ஊர், சாரல் விழுந்தால் டவுன் பஸ்ஸில் போய்க் குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். அன்றைக்கு அது வேற்று ராஜ்ஜியத்து அருவி. மொழிவாரி மாநிலம் பிரித்தபோது, தெற்கே தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாக வந்தன. செங்கோட்டைத் தாலுகா பாதி மட்டும் வந்து திருநெல்வேலி மாவட்டத்தோடு சேர்ந்தது. சமவெளியும் வயலும் இங்கே, மலையும் காடும் அங்கே. கோடு பிரானூரிலிருந்து மேற்கே நகர்ந்து, புளியரை தாண்டிக் கோட்டைவாசல் பக்கம் போய் நின்றது. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகு செங்கோட்டை அதற்குள் வந்தது. ஆக, ஒரே வீட்டில் குடியிருந்த உங்கள் தாத்தா, வாசற்படி தாண்டாமலே ராஜ்ஜியம் மாறியவர். ஆட்சி மாறினாலும் ஜனங்கள் வாயில் ‘பார்டர்’ மாறவில்லை. இப்போது அந்தப் பெயரைத் தூக்கி நிறுத்துவது அங்கே இருக்கிற பரோட்டாக் கடைகள். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன பரோட்டா, நாட்டுக்கோழி, காடை என்று குற்றால சீசனில் கால் வைக்க இடம் இருக்காது. சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அது எந்த ‘பார்டர்’ என்று தெரியும்? அந்தச் சாலையோரம் அடுக்கடுக்காகத் தடி கிடக்கிற மர அறுவை மில்களும் எல்லைக்கால வியாபாரத்தின் மிச்சம் என்பது என் ஊகம். மலைமரம் இறங்கி வந்து கிழக்கே போகிற வழியில் நின்று மூச்சு வாங்கும் இடம் அது.

இனி அந்தப் பத்திரம். 1098 என்பது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்கும் கணக்கு அது. திருவிதாங்கூர் அரசாங்கம் அதில்தான் எழுதியது. நம் நெல்லைச் சீமையிலும் பஞ்சாங்கத்தில், கல்வெட்டில், வீட்டு ஜாதகத்தில் அதைக் காணலாம். ஆகவே கொல்லம் ஆண்டைப் பார்த்ததும் ‘மலையாளத்துச் சரக்கு’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மாற்றும் வழி எளிது, தப்பு செய்வதும் எளிது. ஆவணியில் (மலையாளத்தில் சிங்கம்) வருஷம் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் முடிகிற வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிகிற வரை 825 கூட்ட வேண்டும். உங்கள் பத்திரத்தில் மாதம் சிங்கம் என்றிருந்தால் அது 1922, மகரம் என்றிருந்தால் 1923. தொழிலுக்கு வந்த புதிதில் நான் எல்லாவற்றுக்கும் 825 கூட்டி, ஒரு பாகப்பிரிவினையில் அப்பா இறந்ததற்கு அடுத்த வருஷம் அவரே கையெழுத்துப் போட்டதாகக் கணக்குக் காட்டி, நல்லவேளையாகப் பதிவுக்கு முன்பே பெரியவர் ஒருவரிடம் வசவு வாங்கித் திருத்திக்கொண்டேன். அந்த வசவு இன்னும் காதில் இருக்கிறது.

சங்கு, திருவிதாங்கூரின் அரச முத்திரை. முத்திரைத்தாள், நாணயம், அஞ்சல் தலை எல்லாவற்றிலும் சங்குதான். செங்கோட்டையில் பழைய நுழைவு வளைவின் உச்சியில் பாருங்கள், அங்கேயும் அதே சங்கு. பத்திரத்துக்குள் தொகை ரூபாயில் மட்டும் இல்லாமல் பணம், சக்கரம், காசு என்று ஓடும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய், அதாவது 28 சக்கரம். இது மகாராஜாவின் சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அந்த அரைச் சக்கரத்தை நினைத்துப் பாருங்கள். தென்காசிச் சந்தையில் மாடு விற்றுவிட்டு வருகிறவர் செங்கோட்டையில் வரி கட்டப் போனால், பிரானூரில் ரூபாயின் முகமும் விலையும் மாறும். எல்லை என்பது அன்றைக்கு மடியில் முடிந்திருந்த காசில் தெரிந்தது. தபாலுக்கும் தனி ஏற்பாடு. திருவிதாங்கூருக்குச் சொந்தமாக ‘அஞ்சல்’ என்ற துறை இருந்தது. மணி கட்டிய கோலோடு ஓடுகிற அஞ்சலோட்டக்காரனைப் பற்றி மேற்கே இன்றும் கதை சொல்வார்கள். 1951இல்தான் அது இந்தியத் தபாலில் கலந்தது.

மொழியைப் பற்றி ஒரு சொல். செங்கோட்டைப் பத்திரங்கள் எல்லாம் மலையாளத்தில் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். முழுத் தமிழிலும் பார்த்திருக்கிறேன், முழு மலையாளத்திலும் பார்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்தது மூன்றாவது வகை. எழுத்து தமிழ், வாக்கியம் தமிழ், நடுநடுவே ‘தண்டப்பேர்’, ‘புரையிடம்’, ‘ஆதாரம்’ என்று மேற்கத்திச் சொற்கள் குந்தியிருக்கும். தண்டப்பேர் என்றால் வரிக்கணக்கில் உடைமையாளர் பெயர், நம் பட்டாவுக்கு அண்ணன் தம்பி. புரையிடம் வீட்டைச் சுற்றிய தோட்டம். ஆதாரம் என்றால் பத்திரம். எழுதியவர் தமிழர், எழுதிக் கொடுத்தவர் தமிழர், வாங்கியவர் தமிழர், சர்க்காருக்குப் புரிய வேண்டுமே என்று அந்தச் சொற்கள். ஆகவே பத்திரத்தில் மலையாளம் இருப்பது அரசாங்கம் யாருடையது என்பதைத்தான் காட்டும். உங்கள் தாத்தா அடுப்படியில் என்ன மொழி பேசினார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்த அரசாங்கமொழிச் சங்கடம் பெரிதாகிப் பெரிதாகித்தான் தெற்கே நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராட்டம் நடந்தது, 1954இல் துப்பாக்கிச் சூடு வரை போனது.

மகாராஜா ஆட்சி என்றதும் எல்லாம் பிற்போக்கு, பிரிட்டிஷ் பக்கம் எல்லாம் முற்போக்கு என்றும் நினைத்துவிடக் கூடாது. கொல்லம் 1112 துலாம் 27ஆம் தேதி, அதாவது 1936 நவம்பர் 12, திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அரசாங்கக் கோயில்கள் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்தன. பிரானூருக்குக் கிழக்கே அதற்கான சட்டம் வந்தது 1939இல். நடுவே ஏறத்தாழ மூன்று வருஷம், செங்கோட்டைப் பக்கம் சர்க்கார் கோயிலுக்குள் போக உரிமை பெற்ற ஒருவர், எட்டு கிலோமீட்டர் நடந்து தென்காசிக் கோபுரத்துக்கு வந்தால் வாசலில் நிற்க வேண்டும். சட்டம் வந்த அன்றே எல்லாரும் உள்ளே போய்விட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்த வித்தியாசத்தைச் சொல்கிறேன். ‘எல்லை ஊர்ப் பாரம்பரியம்’ என்று பேசுகிறவர்கள் சாப்பாட்டையும் திருவிழாவையும் சொல்லிவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது சாஸ்தா. இங்கேதான் எல்லைக்கோட்டை மறந்துவிட்டு மலையைப் பார்க்க வேண்டும். மேற்குத்தொடர்ச்சி மலையில் ஆரியங்காவுக் கணவாய் ஒரு திறந்த வாசல். ஜூன் மாதத்தில் தென்மேற்குக் காற்று அந்த வழியாகத்தான் நம் பக்கம் எட்டிப் பார்க்கிறது. செங்கோட்டையில் சாரல் அடிக்கும்போது, கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வெயில் காயும். காற்று வந்த வழியிலேயே வண்டியும் வந்தது, வியாபாரியும் வந்தான், சாமியும் வந்தது. கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு 1904இல் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியதும் அதே கணவாய் வழியாகத்தான். கழுதுருட்டிப் பக்கம் பதிமூன்று கண் பாலத்தில் வண்டி ஏறும்போது குழந்தைகள் கண்ணை எண்ணுவார்கள். அகலப்பாதை வேலைக்காகப் பல வருஷம் நின்று, 2018இல் மறுபடி முழுப்பாதையும் திறந்தது. அந்த இடைக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் புனலூர் தூரத்து ஊர். எங்களுக்கு அது அடுத்த ஊர்.

மலைக்கு அந்தப் பக்கம் மூன்று சாஸ்தா கோயில்களை நம் ஜனங்கள் ஒரு வரிசையாகச் சொல்வார்கள். குளத்துப்புழையில் பாலகன், ஆரியங்காவில் ஐயன், அச்சன்கோவிலில் அரசன். சாஸ்தாவை நாங்கள் சாத்தா என்போம். பங்குனி உத்திரத்துக்குச் சாத்தா கோயிலுக்குப் போவது நெல்லைச் சீமை முழுக்க உள்ள வழக்கம். வேலைக்காகச் சென்னை, பம்பாய் போனவர்கள்கூட அன்றைக்கு மட்டும் வந்து, வயக்காட்டு நடுவிலோ குளத்தங்கரையிலோ இருக்கிற தங்கள் சாத்தாவுக்குப் பொங்கலிட்டுப் போவார்கள். சாத்தாவை வணங்குவதால் ஒருவர் மலையாளி ஆகிவிடுவதில்லை. கிழக்கே கடலோரம் வரைக்கும் சாத்தா கோயில்கள் இருக்கின்றன. மலைக்கு மேலே இருப்பவர் கேரளத்துக்குப் போனது 1956இல் கோடு போட்டவர்கள் செய்த வேலை.

அச்சன்கோவில் விஷயம் இன்னும் வேடிக்கை. அது கேரளத்து ஊர், கேரளத்துத் தேவஸ்வம் நிர்வாகம், மார்கழித் திருவிழா. அந்த அரசனின் நகைப்பெட்டி ஆண்டு முழுக்க இருப்பது புனலூர்க் கருவூலத்தில். புனலூரிலிருந்து அச்சன்கோவிலுக்குப் போகும் காட்டுவழி கடினம் என்பதால், பெட்டி ஆரியங்காவு வழியாக மலை இறங்கித் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. செங்கோட்டையைத் தொட்டு, தென்காசி காசிவிஸ்வநாதர் கோயில் முன்னால் வரவேற்பு வாங்கிக்கொண்டு, பண்பொழி, மேக்கரை வழியாக மறுபடி மலை ஏறிக் கேரளத்துக்குள் போகிறது. கேரளத்திலிருந்து கேரளத்துக்குப் போக அரசனின் நகை நம் தெரு வழியாகச் சுற்றுகிறது! போலீஸ் பாதுகாப்போடு வண்டி வரும்போது தெருவில் தேங்காய், பழத்தோடு ஜனம் நிற்கும். பெட்டியைத் திறந்து காட்டுவதில்லை. மூடிய பெட்டிக்குத்தான் அந்தக் கூட்டம். அச்சன்கோவில் திருவிழாவில் தேரோட்டமும் உண்டு. கேரளத்துக் கோயில்களில் தேர் அரிது. அங்கே கூடுகிற பக்தர்களில் பெரும்பகுதி மலையின் கிழக்குப் பக்கத்தவர்கள் என்பதைக் கண்ணால் பார்க்கலாம். தேர் நம்மிடமிருந்து போனது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லட்டும், எழுத்தில் அதற்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. பாம்புக்கடிக்கு அங்கே சாமி கையில் சாத்திய சந்தனம் மருந்து என்பது நெடுநாள் நம்பிக்கை. நம்பிக்கையை மதிக்கிறேன், கடிபட்டவரை முதலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஆரியங்காவுத் திருக்கல்யாணத்தை ஒருமுறையாவது பாருங்கள். மார்கழியில், மண்டல பூஜைக்கு முந்தைய நாட்களில் நடக்கிறது. ஐயனுக்கும் புஷ்கலாதேவிக்கும் கல்யாணம். பெண் வீட்டார் யார் தெரியுமா? மதுரைச் சௌராஷ்டிரர்கள். கதை இப்படி: மதுரையிலிருந்து பட்டு வியாபாரி ஒருவர் மகளோடு திருவிதாங்கூர் ராஜாவுக்குத் துணி கொண்டு போகிறார். வழியில் காடு பயங்கரம் என்று மகளை ஆரியங்காவுக் கோயில் பூசாரி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறார். காட்டில் யானை துரத்துகிறது, வேடன் ஒருவன் வந்து காப்பாற்றுகிறான். நன்றிக்குப் பட்டுத்துணி கொடுக்கிறார். அவன் பெண்ணையே கேட்கிறான். திரும்பி வந்து பார்த்தால் மகள் இல்லை, கருவறையில் ஐயன் அந்தப் பட்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், மகள் அவரோடு கலந்துவிட்டாள். அன்றிலிருந்து சௌராஷ்டிரர்கள் சாமிக்குச் சம்பந்திகள். கோயில் நிர்வாகம் மாப்பிள்ளை வீடு. ‘பாண்டியன் முடிப்பு’ என்று நிச்சயதார்த்தச் சடங்கு, அடுத்து கல்யாணம். நான் போன வருஷங்களில் கவனித்தது சடங்கைவிட அங்கே நடக்கும் பேச்சை. பெண் வீட்டுப் பெரியவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசுகிறார்கள், எங்களிடம் மதுரைத் தமிழ், மாப்பிள்ளை வீட்டார் மலையாளம், சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு நெரிசலில் வழி கேட்கிற செங்கோட்டை ஆள் நெல்லைத் தமிழில் ‘கொஞ்சம் ஒதுங்கும்யா’ என்கிறார். நான்கு பேச்சும் ஒரு கல்யாணப் பந்தலுக்குள். கதையில் வருவது எந்த நூற்றாண்டு, எந்த ராஜா என்றெல்லாம் உறுதியாகச் சொல்ல முடியாது. மதுரை வியாபாரி திருவிதாங்கூர் அரண்மனைக்குத் துணி விற்க இந்தக் கணவாயில் நடந்திருக்கிறான் என்ற வியாபார ஞாபகம் கதைக்குள் புதைந்திருக்கிறது என்பது மட்டும் என் எண்ணம். பரசுராமர் பிரதிஷ்டை செய்தார் என்பது புராணம், அதை ஆண்டுக்கணக்கில் தேடக் கூடாது.

சாத்தா மட்டும் அல்ல, சுடலைமாடனும் மலை தாண்டியவர். கொடைவிழாவில் வில்லுப்பாட்டுக் கேட்டிருக்கிறீர்களா? வில்லடித்துக் கதை சொல்லும்போது மாடன் மலையாளத்துக்குப் போவார், காளிப்புலையன் என்ற மந்திரவாதியோடு மோதுவார். சில பாடல்களில் கொட்டாரக்கரை வரும். கொல்லம் சாலையில் புனலூர் தாண்டி இருக்கிறதே, அதே ஊர். புலவருக்குப் புலவர் கதை மாறும், அதனால் ‘இதுதான் சரியான கதை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் எல்லாக் கதையிலும் மலையாளம் என்பது மந்திரம் விளைகிற ஊர். பக்கத்து நாட்டின்மேல் இருந்த பயமும் கவர்ச்சியும் அதில் தெரிகிறது. மந்திரம் வைக்க ஆள் வேண்டும் என்றால் இன்றும் நம்மூரில் மேற்கே கை காட்டுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு வயசு அதிகம்.

சமையலைப் பொறுத்தவரை பாதி சந்தேகம் தேவையே இல்லாதது. தேங்காய் விளைகிற ஊரில் தேங்காயெண்ணெயில் தாளிக்கிறார்கள். அவியல் செங்கோட்டையிலும் உண்டு, நாகர்கோவிலிலும் உண்டு, பாளையங்கோட்டையிலும் உண்டு, திருவனந்தபுரத்திலும் உண்டு. யார் முதலில் செய்தார்கள் என்று பீமனில் தொடங்கி ஆளுக்கொரு கதை சொல்வார்கள், எதற்கும் சாட்சி கிடையாது. உங்கள் வீட்டில் கறுப்பு உளுந்து போட்டு உளுந்தஞ்சோறு பொங்கி எள்ளுத் துவையலோடு சாப்பிடுவீர்களா? கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பால் சொதி உண்டா? உண்டு என்றால் அது அசல் நெல்லை வழி. மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி) மட்டும் மேற்கேயிருந்து வந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். பஞ்சத்துக்கு உதவும் என்று 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைத் திருவிதாங்கூரில் பரப்பினார். இப்போது போக்குவரத்து இரண்டு பக்கமும் நடக்கிறது. ஓணம் நெருங்கினால் நம் பக்கத்துக் காய்கறியும் பூவும் வைக்கோலும் லாரி லாரியாகப் புளியரை எஸ் வளைவில் ஏறும். அங்கே ஒரு லாரி மக்கர் பண்ணினால் கேரளத்துக் கல்யாண வீட்டில் சாம்பாருக்குக் காய் தாமதம்.

ஊரின் பெரியவர்களைப் பற்றிச் சுருக்கமாக. வாஞ்சிநாதனை எல்லாருக்கும் தெரியும், சிலையும் மணிமண்டபமும் இருக்கின்றன. 1886இல் செங்கோட்டையில் பிறந்தவர், திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டபோது, மகாராஜாவின் பிரஜை ஒருவர் பிரிட்டிஷ் சீமைக்குள் வந்து செய்த காரியமாக அது இருந்தது. இதை யாரும் கவனிப்பதில்லை. நாடகமேடையை ஆண்ட கிட்டப்பா 1906இல் இங்கே பிறந்து 1933இல் சின்ன வயசிலேயே போய்விட்டார். இவர்கள் இரண்டு பேருக்கும் மேலாக நான் வைப்பது ஆவுடையக்காளை. சிறுவயதிலேயே கணவனை இழந்து, திருவிசைநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்று, அத்வைதத்தை அம்மானையும் பள்ளும் குறவஞ்சியுமாகப் பெண்கள் பாடுகிற மெட்டில் இறக்கியவர். தீட்டு, மடி என்று பெண்களை மூலையில் உட்கார வைத்ததையே கேள்வி கேட்டவர். அந்தப் பாட்டுகள் நூறு வருஷத்துக்கு மேல் நெல்லைப் பக்கத்து பிராமண வீட்டுப் பெண்கள் வாயில்தான் இருந்தன. இருபதாம் நூற்றாண்டில்தான் கேட்டுத் தொகுத்து அச்சிட்டார்கள். அவர் காலம் சுமார் 300 வருஷத்துக்கு முன் என்பார்கள், ஒரு தலைமுறை முன்பின் இருக்கலாம். ஆடி அமாவாசையில் குற்றாலத்து மலை ஏறியவர் திரும்பவில்லை என்பது ஐதீகம். பாரதி அவர் பாட்டால் ஊக்கம் பெற்றார் என்று சொல்வோர் உண்டு, அது நிரூபிக்கப்பட்ட செய்தி இல்லை.

பாதியாய்ப் பிரிந்த தாலுகாவின் மேற்குச் சரிவில் ஒரு கிளைக்கதை. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட தமிழர்களில் ஒரு பகுதியினரைக் குளத்துப்புழை, புனலூர்ப் பக்கம் ரப்பர் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். அதற்கென்று 1976இல் ஒரு அரசு நிறுவனமே தொடங்கினார்கள். ஆகவே மலைக்கு அந்தப் பக்கம் தமிழ் கேட்டால் எல்லாரும் பழைய செங்கோட்டைத் தாலுகாக்காரர்கள் என்று எண்ணிவிட வேண்டாம். கண்டியில் கொழுந்து பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அங்கே பால் வெட்டுகிறார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் பதில் இதுதான்: நீங்கள் திருவிதாங்கூர்ப் பிரஜையாக இருந்த ஒரு தமிழரின் பேரன். பத்திரத்தில் இருக்கிற சங்கும் சக்கரமும் அரசாங்கம் வைத்துப்போனவை. சாத்தாவும் சாரலும் அரசாங்கங்களுக்கு முந்தியவை, மலை கொடுத்தவை. சமையலும் பேச்சும் பெரும்பாலும் நெல்லை. இந்த மூன்றையும் ஒரே பானையில் போட்டு ‘கலப்புக் கலாச்சாரம்’ என்று மூடிவிட்டால் எதுவும் விளங்காது.

பத்திரத்தை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள், பழைய தாள் பொடிந்துவிடும், பிறகு பிரிக்கவும் வராது. சமமான வெளிச்சத்தில் வைத்து இரண்டு பக்கமும் படம் எடுங்கள். பின்பக்கத்தை எல்லாரும் விட்டுவிடுவார்கள். முத்திரைத்தாள் யார் பெயரில், எந்தத் தேதியில் வாங்கியது, எந்தப் பதிவு அலுவலகத்தின் எண் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். நான்கு எல்லை சொல்லும் வரியைத் தனியாகப் பெரிதாக்கி எடுங்கள். கிழக்கே யார் வயல், மேற்கே எந்த ஓடை, வடக்கே எந்தச் சாமி மேடை என்று எழுதியிருப்பார்கள். அதில் சாத்தா கோயிலோ மாடன் பீடமோ வந்தால், உங்கள் வீட்டார் கும்பிட்ட இடம் எதுவென்று துப்புக் கிடைக்க வாய்ப்பு உண்டு. மலையாளம் தெரிந்தவரிடம் படிக்கக் கொடுத்தால் ‘தண்டப்பேர்’ எண்ணைக் குறித்து வாங்குங்கள். படத்தை இங்கேயே போட்டால் நானும் பார்க்கிறேன், ஆனால் பெயர்களையும் சர்வே எண்ணையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.